100 ரூபாய் ஒரிகானோ பாட்டில் தேவையா? காசு கரையாமல் ஹெர்ப்ஸ் மிக்ஸ் வாங்கவும் செய்யவும் ஒரு கைடு!

உங்க கிச்சன் டிராயரைத் திறந்து பாருங்க. பீட்சா ஆர்டர் செய்தபோது வந்த ஒரிகானோ, சில்லி ஃப்ளேக்ஸ் பாக்கெட்டுகள் ஒரு ஏழெட்டாவது கிடக்கும். தூக்கிப்போட மனசு வராது. ஆம்லெட்டில், மேகியில், பிரெட் டோஸ்ட்டில் தூவி ஒருநாள் அது தீர்ந்துபோகும். நாக்குக்கு அந்த வாசனை பழகிவிட்டதால், அடுத்து சூப்பர் மார்க்கெட்டுக்குப் போவோம். அங்கே விரல் நீளத்தில் ஒரு கண்ணாடி பாட்டில், அடியில் கொஞ்சம் காய்ந்த இலை, மேலே மூன்று இலக்கத்தில் விலை. 'காய்ந்த இலைக்கு இவ்ளோ ரூபாயா?' என்று திரும்ப வைத்துவிட்டு வந்திருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

வேலைக்காக வீட்டை விட்டு வந்து, ரெண்டு மூணு பேர் சேர்ந்து வீடு எடுத்துத் தங்கி, 'இனிமே ஆர்டர் பண்ண மாட்டேன், நானே சமைப்பேன்' என்று சபதம் எடுத்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வெறும் உப்பு, மிளகாய்த்தூளில் செய்த முட்டையும் உருளைக்கிழங்கும் நாலு நாளில் சலித்துவிடும். சலித்தால் கை தானாக டெலிவரி ஆப்பைத் தேடும். ஒரு ஸ்பூன் நல்ல வாசனை அந்தச் சபதத்தை இன்னும் கொஞ்ச நாள் காப்பாற்றும். அந்த ஒரு ஸ்பூனை எப்படி மலிவாகப் பெறுவது என்று பார்ப்போம்.

நான் ஏமாந்த கதை

முதலில் என் கதை. பாட்டில் விலைக்குப் பயந்து, ஒரு கடையில் லூஸில் 'மிக்ஸட் ஹெர்ப்ஸ்' கால் கிலோ வாங்கினேன். கிராம் கணக்கில் பார்த்தால் பாட்டிலைவிடப் பாதிக்கும் குறைவு. பெரிய புத்திசாலி என்ற நினைப்பில் பிளாஸ்டிக் கவரை ரப்பர் பேண்ட் போட்டு, அடுப்புக்கு மேலே இருந்த ஷெல்ஃபில் வைத்தேன். ரெண்டே மாதம். ஐப்பசி மழை வந்தது, கவருக்குள் இலை நமத்து, ஒரு ஓரத்தில் பூஞ்சை. நான் பயன்படுத்தியது மிஞ்சிப்போனால் 20 கிராம். மீதி எல்லாம் குப்பைக்கு. அந்த 20 கிராமுக்கு நான் கொடுத்தது கால் கிலோவின் விலை.

அன்றைக்குப் புரிந்தது இதுதான்: ஹெர்ப்ஸ் விஷயத்தில் மலிவு என்பது பாக்கெட் விலை இல்லை, கிராம் விலைகூட இல்லை. வாசனை போவதற்குள் நீங்கள் தீர்க்கும் ஒவ்வொரு ஸ்பூனுக்கும் என்ன செலவாகிறது என்பதுதான்.

ஒரு ஸ்பூன் எவ்வளவு?

காய்ந்த ஒரிகானோ ஒரு டீஸ்பூன் என்பது சுமார் 1 கிராம்தான். இலை அவ்வளவு லேசு. அப்படியென்றால் 25 கிராம் பாட்டில் என்பது சுமார் 25 டீஸ்பூன். அந்த பாட்டில் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், ஒரு ஸ்பூனுக்கு 4 ரூபாய். அதே பொருள் 100 கிராம் பாக்கெட் 200 ரூபாய் என்றால் ஸ்பூனுக்கு 2 ரூபாய். 'பெரிய பாக்கெட்தான் லாபம்' என்று தோன்றும்.

ஆனால், வாரத்துக்கு ஒரு ஸ்பூன் மட்டும் பயன்படுத்துகிற ஆளாக நீங்கள் இருந்தால், 100 கிராம் தீர ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும். திறந்த பாக்கெட்டில் ஆறு மாதம் தாண்டும்போதே வாசனை மெல்ல இறங்க ஆரம்பித்துவிடும். வாரத்துக்கு மூன்று, நான்கு முறை பயன்படுத்துவீர்கள் அல்லது ரூம் மேட்ஸோடு பங்கு போட்டுக்கொள்வீர்கள் என்றால் பெரிய பாக்கெட் வாங்குங்கள். இல்லையென்றால் சின்னதே சிக்கனம்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. சமையல் வீடியோவில் 'ஒரு டேபிள்ஸ்பூன் ஃப்ரெஷ் ஹெர்ப்' என்று சொன்னால், காய்ந்த இலையில் ஒரு டீஸ்பூன் போதும். மூன்றில் ஒரு பங்கு. தண்ணீர் வற்றி வாசனை அடர்த்தியாகிவிடுவதால்தான் இப்படி. இது தெரியாமல் அள்ளிப் போட்டால் காசும் போகும், பாஸ்தாவும் கசக்கும்.

'ஹெர்ப்' வேறு, 'சீசனிங்' வேறு

பாக்கெட்டின் முன்பக்கம் இருப்பது விளம்பரம். உண்மை பின்பக்கம்தான். அங்கே சேர்மானப் பட்டியல் இருக்கும். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. 'ஒரிகானோ சீசனிங்' என்று எழுதிய பல பாக்கெட்டுகளைத் திருப்பிப் பார்த்தால் உப்பு, மால்டோடெக்ஸ்ட்ரின், சர்க்கரை, பூண்டுத்தூள் என்று ஒரு ஊர்வலமே வரும். உப்பு முதலிடத்தில் இருந்தால் நீங்கள் ஒரிகானோ விலையில் உப்பு வாங்குகிறீர்கள், அவ்ளோதான்.

சீசனிங் தப்பான பொருள் என்று சொல்லவில்லை. பாப்கார்னில் தூவ அது வசதி. ஆனால் அதைச் சமையலில் போட்டால் உப்பைக் குறைக்க வேண்டும். ரெண்டின் விலையையும் ஒப்பிடவும் கூடாது.

கடையில் நின்றபடியே அரை நிமிடத்தில் பார்க்க வேண்டியவை இவை:

* சேர்மானப் பட்டியலில் முதல் பெயர் இலையா, உப்பா?
* நிகர எடை எத்தனை கிராம்? பாட்டிலின் உயரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.
* பாக்கெட்டில் எம்.ஆர்.பி-க்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கு எவ்வளவு என்ற யூனிட் விலை பல சமயம் அச்சாகியிருக்கும். ரெண்டு பிராண்டை ஒப்பிட அதுவே போதும்.
* பேக் செய்த தேதி எது? 'பெஸ்ட் பிஃபோர்' ஒரு வருடம் தள்ளி இருக்கிறதே என்று திருப்திப்படாமல், சமீபத்தில் பேக் செய்ததை எடுங்கள்.
* எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ முத்திரையும் 14 இலக்க எண்ணும் இருக்கிறதா?
* கவர் வழியே இலை தெரிகிறதா? மங்கிய பச்சை நல்லது. பழுப்பு, தூசு, குச்சி அதிகம் என்றால் வேண்டாம்.

ஒரிகானோவில் ஆலிவ் இலை

'இலையில் என்னங்க கலப்படம் பண்ணப்போறாங்க?' என்று கேட்கலாம். பண்ணியிருக்கிறார்கள். பிரிட்டனின் நுகர்வோர் அமைப்பான 'விச்' 2015-ல் 78 ஒரிகானோ மாதிரிகளைச் சோதித்தது. அதில் சுமார் கால்வாசியில் ஆலிவ் இலை, மிர்ட்டில் இலை போன்றவை கலந்திருந்தன. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் 2021-ல் மசாலா, மூலிகைப் பொருள்களைச் சோதித்தபோது அதிகம் சிக்கியதும் ஒரிகானோதான். 48 சதவிகித மாதிரிகளில் கலப்படச் சந்தேகம் எழுந்தது, பெரும்பாலும் ஆலிவ் இலை.

இவை ஐரோப்பிய நிலவரம். ஆனால், பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான். காய்ந்து நொறுங்கிய இலை பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். உங்களிடம் இருக்கும் ஒரே கருவி மூக்கு. ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேயுங்கள். ஓமம் மாதிரி சுருக்கென்ற வாசனை மூக்கில் ஏற வேண்டும். வைக்கோல் வாசனை வந்தால் அது பழசு அல்லது வேறு ஏதோ இலை. முதல் தடவை எந்த பிராண்டாக இருந்தாலும் சின்ன பாக்கெட் வாங்குங்கள், தேய்த்துப் பார்த்துவிட்டு அடுத்து பெரியதைப் பற்றி யோசியுங்கள்.

ஓமம் மாதிரி என்று ஏன் சொன்னேன்?

சும்மா சொல்லவில்லை. ஓமத்துக்கு அந்தக் காரமான வாசனையைக் கொடுப்பது தைமால் என்ற வேதிப்பொருள். தைம் என்ற மேற்கத்திய மூலிகையிலும் அதேதான் இருக்கிறது, தைமாலுக்குப் பெயர் வந்ததே தைமிலிருந்துதான். ஒரிகானோவின் வாசனைக்குக் காரணமான கார்வக்ரால், தைமாலுக்கு ரொம்ப நெருங்கிய சொந்தம். நம்ம வீட்டு வாசல் தொட்டியில் இருக்கும் கற்பூரவல்லியிலும் இந்த ரெண்டும் உண்டு. கற்பூரவல்லிக்கு ஆங்கிலத்தில் 'கியூபன் ஒரிகானோ' என்று ஒரு பெயர் இருப்பது இதனால்தான்.

ஆக, ஒரிகானோ இல்லாத நாளில் கால் ஸ்பூன் ஓமத்தை லேசாக வறுத்து, கையால் கசக்கி தக்காளி சாஸில் போட்டுப் பாருங்கள். அப்படியே ஒரிகானோ ஆகிவிடாது, ஆனால் அந்தத் திசையில் போகும். கற்பூரவல்லி இலை சதைப்பற்றானது, சீக்கிரம் காயாது. அதனால் அதைக் காயவைக்க மெனக்கெடாமல், ஒரே ஒரு இலையைப் பொடியாக நறுக்கிப் பச்சையாகவே சேருங்கள். ஒன்றுக்கு மேல் போட்டால் கஷாயம் குடித்த மாதிரி ஆகிவிடும், ஜாக்கிரதை.

பேசில்? அதுவும் நம்ம ஊரில் உண்டு. திருநீற்றுப்பச்சிலை என்று நாம் சொல்லும் செடியும் இத்தாலிய சமையலின் பேசிலும் ஒரே இனம். ஃபலூடாவிலும் ரோஸ் மில்க்கிலும் மிதக்கும் சப்ஜா விதை இந்தச் செடியின் விதைதான். வகைக்கு வகை வாசனை மாறும் என்பதால் இத்தாலிய பேசில் போலவே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால், ஒரு ஸ்பூன் சப்ஜா விதையைத் தொட்டியில் தூவினால் மாடியிலோ பால்கனியிலோ உங்களுக்கென ஒரு பேசில் செடி கிடைக்கும். கோயில் துளசி வேறு இனம். அதில் கிராம்பு வாசனை தூக்கலாக இருக்கும், பாஸ்தாவுக்குச் சரிப்படாது.

பூக்கடையில் மல்லிகையோடு சேர்த்துக் கட்டும் மருவுகூட ஒரிகானோவின் உடன்பிறப்புதான். மேற்கில் அதை மார்ஜோரம் என்று சமையலுக்குப் பயன்படுத்துகிறார்கள். ஆனால், பூக்கடை மருவு சாப்பிடுவதற்காக வளர்த்தது இல்லை, மருந்து அடித்திருக்கலாம். அதைச் சமையலில் போடாதீர்கள். ஆசையாக இருந்தால் நர்சரியில் நாற்று வாங்கி வைத்து, புதிதாகத் துளிர்க்கும் இலையைப் பயன்படுத்துங்கள்.

எங்கே வாங்கலாம்?

கஸூரி மேத்தி எனும் காய்ந்த வெந்தயக்கீரைக்கு ராஜஸ்தானின் நாகௌர் பகுதி பெயர்பெற்றது. அதனால், வட இந்திய மளிகைக் கடைகளில் இது வேகமாக விற்றுத் தீரும், புதுச் சரக்கு கிடைக்கும். சென்னையில் சௌகார்பேட்டை, அதையொட்டிய கோவிந்தப்ப நாயக்கன் தெரு, கோவையில் ரங்கே கவுடர் வீதி, மதுரையில் கீழமாசி வீதி எல்லாம் மொத்த மளிகைக்குப் பேர் போன இடங்கள். சில்லறையாகக் கொடுக்கும் கடைகளும் இருக்கும், '50 கிராம் கிடைக்குமாண்ணே?' என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். கேக், பிரெட் செய்வதற்கான பொருள் விற்கும் கடைகளில் ஒரிகானோ, சில்லி ஃப்ளேக்ஸ் பாக்கெட்டாகவே கிடைக்கும். கண்ணாடி பாட்டிலுக்கான காசு மிச்சம்.

ரோஸ்மேரி, தைம் இரண்டும் நீலகிரியில் விளைகின்றன. ஊட்டி, கோத்தகிரி பக்கம் டூர் போனால் வர்க்கி, சாக்லேட்டோடு இதையும் லிஸ்ட்டில் சேருங்கள். ஒரு எச்சரிக்கை: தலைமுடிக்கு ரோஸ்மேரி வாட்டர் ட்ரெண்ட் ஆன பிறகு, காய்ந்த ரோஸ்மேரி எங்கும் கிடைக்கிறது. வெளிப்பூச்சுக்காக பேக் செய்ததை வாய்க்குள் போட வேண்டாம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண் இருக்கும் பாக்கெட்தான் சமையலுக்கு.

லூஸில் வாங்கும்போது மூடி போட்ட டப்பாவில் இருந்து எடுத்துக் கொடுக்கும் கடையாகப் பாருங்கள். சாக்கு திறந்தபடி தெருவைப் பார்த்து இருந்தால், தூசிக்கும் சேர்த்து எடை போடுவார்கள். நியூஸ் பேப்பரில் மடித்துத் தந்தால் வேண்டாம் என்று சொல்லி, வீட்டிலிருந்து ஒரு சின்ன டப்பா கொண்டுபோங்கள். அச்சு மை உணவில் ஒட்டும்.

ஃப்ரிட்ஜில் அழுகும் கட்டுதான் உங்க மூலதனம்

இப்போது முக்கியமான விஷயம். ஒரிகானோ, தைம் போன்றவற்றை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். மற்றதற்கு நம்மிடமே சரக்கு இருக்கிறது. காய்கறி வாங்கும்போது கொசுறாக வரும் கறிவேப்பிலை, சட்னிக்குப் பாதி எடுத்துவிட்டு ஃப்ரிட்ஜில் மீதி கறுத்துப்போகும் புதினா, வெந்தயக்கீரை, முருங்கைக்கீரை. இவற்றைக் காயவைத்தால் அருமையான ஹெர்ப்ஸ்.

கொத்தமல்லியை மட்டும் விட்டுவிடுங்கள். காய்ந்தால் அதன் வாசனை கிட்டத்தட்ட காணாமலே போய்விடும். அது பச்சையாகவே ராஜா.

காயவைக்கும் முறை:

1. இலைகளை உருவி, ரெண்டு மூணு தண்ணீரில் அலசுங்கள். அழுகின, புள்ளி விழுந்த இலைகளைக் கழித்துவிடுங்கள்.
2. தண்ணீரை வடித்து, சுத்தமான காட்டன் துணியில் ஒற்றியெடுங்கள். ஈரம் நின்றால் பூஞ்சை நிச்சயம்.
3. துணியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, வீட்டுக்குள் ஃபேன் காற்றில் வையுங்கள். நேர் வெயிலில் வைத்தால் நிறமும் வாசனையும் வெளுத்துவிடும். மேலே ஒரு மெல்லிய துணி போட்டால் தூசு விழாது.
4. தினமும் ஒருமுறை புரட்டுங்கள். ஊரின் ஈரப்பதத்தைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து நாள் ஆகலாம்.
5. கையில் எடுத்து நசுக்கினால் அப்பளம் மாதிரி நொறுங்க வேண்டும். வளைந்தால் இன்னொரு நாள் காயட்டும்.

மழைக்காலத்தில் மைக்ரோவேவ் கைகொடுக்கும். ஈரம் துடைத்த இலைகளை ரெண்டு பேப்பர் டவலுக்கு நடுவே ஒரே அடுக்காகப் பரப்பி, முதலில் 1 நிமிடம், பிறகு 30 விநாடி, 30 விநாடியாக வைத்து ஒவ்வொரு முறையும் திறந்து பாருங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள், கருகினால் புகையும். மைக்ரோவேவ் இல்லையா? தோசை சுட்டு முடித்து அடுப்பை அணைத்ததும், அந்தச் சூட்டுக் கல்லைத் துடைத்துவிட்டு, பாதி காய்ந்த கறிவேப்பிலையைப் பரப்பி விடுங்கள். கேஸ் செலவே இல்லை.

ஒரு கட்டு புதினா காய்ந்தபின் ஒரு கைப்பிடிகூட இருக்காது, பயந்துவிடாதீர்கள். அந்த இலையின் எடையில் 80 சதவிகிதத்துக்கும் மேல் தண்ணீர்தான்.

மூன்று மிக்ஸ், உங்க கையால்

பிரான்ஸின் புகழ்பெற்ற 'எர்ப் த ப்ரோவான்ஸ்' மிக்ஸுக்கு அங்கே 'லேபிள் ரூஜ்' என்ற தர முத்திரை உண்டு. அதற்கான கணக்கு: ஒரிகானோ 26, ரோஸ்மேரி 26, சேவரி 26, தைம் 19, பேசில் 3 சதவிகிதம். அவ்வளவுதான் ரகசியம். எந்த மிக்ஸும் கடைசியில் ஒரு விகிதம்தான். அதை நாமும் போடலாமே!

*பீட்சா - பாஸ்தா மிக்ஸ்:* ஒரிகானோ 4 ஸ்பூன், காய்ந்த பேசில் 2 ஸ்பூன், தைம் 1 ஸ்பூன், நொறுக்கிய ரோஸ்மேரி அரை ஸ்பூன், சில்லி ஃப்ளேக்ஸ் 1 ஸ்பூன், பூண்டுத்தூள் 1 ஸ்பூன். பேசிலும் தைமும் கிடைக்கவில்லையா? ஒரிகானோவோடு வறுத்து நுணுக்கிய ஓமம் கால் ஸ்பூன் சேர்த்தால் சமாளிக்கலாம். சில்லி ஃப்ளேக்ஸையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம், காய்ந்த மிளகாயை மிக்ஸியில் ரெண்டு சுற்று விட்டால் போதும்.

*நம்ம ஊர் மிக்ஸ்:* காய்ந்த கறிவேப்பிலை 4 ஸ்பூன், புதினா 2 ஸ்பூன், கஸூரி மேத்தி 1 ஸ்பூன், சில்லி ஃப்ளேக்ஸ் 1 ஸ்பூன், ஓமம் கால் ஸ்பூன். ஆம்லெட், உருளைக்கிழங்கு ரோஸ்ட், பிரெட் டோஸ்ட், தயிர் டிப் எல்லாவற்றுக்கும் பொருந்தும். தோசை மேலே தூவினால் ஹாஸ்டல் தோசைகூட ஹோட்டல் தோசை ஆகும்.

*சூப் மிக்ஸ்:* காய்ந்த முருங்கைக்கீரை 4 ஸ்பூன், கறிவேப்பிலை 2 ஸ்பூன், வறுத்துப் பொடித்த சீரகம் 1 ஸ்பூன், மிளகுத்தூள் அரை ஸ்பூன். பருப்புத் தண்ணீரிலோ தக்காளி வேகவைத்த தண்ணீரிலோ ரெண்டு ஸ்பூன் போட்டு, உப்பு சேர்த்துக் கொதிக்கவிட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு கப் சூப் ரெடி.

மூன்றிலும் உப்பு சேர்க்கவில்லை, கவனித்தீர்களா? உப்பைச் சமையலில் தனியாகப் போட்டுக்கொண்டால்தான் அளவு உங்கள் கையில் இருக்கும்.

பத்திரப்படுத்தலும் பயன்படுத்தலும்

ஜாம், ஊறுகாய் தீர்ந்த கண்ணாடி பாட்டிலைக் கழுவி, முழுக்கக் காயவைத்து அதில் போடுங்கள். மூடியில் பழைய ஊறுகாய் வாசனை இருந்தால் அந்த மூடி வேண்டாம். மேலே தேதி எழுதி ஒட்டுங்கள். அடுப்புக்கு மேலேயோ ஜன்னல் வெயிலிலோ வைக்க வேண்டாம், நான் செய்த தப்பு அதுதான். இலையை முழுசாக வைத்து, போடும்போது கசக்கினால் வாசனை நீண்ட நாள் நிற்கும். மிக்ஸியில் மாவாக அரைத்தால் சீக்கிரம் போய்விடும். முதல் வாரத்தில் பாட்டிலின் உள்பக்கம் ஆவி படிந்தால், இலை சரியாகக் காயவில்லை என்று அர்த்தம். உடனே வெளியே எடுத்து மறுபடி காயவையுங்கள். பூஞ்சை வந்துவிட்டால் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள், மொத்தமும் குப்பைக்குத்தான்.

சமைக்கும்போது பாட்டிலைக் கொதிக்கும் கடாய்க்கு மேலே சாய்த்து உதறாதீர்கள். ஆவி உள்ளே போய் கட்டி தட்டும். உள்ளங்கையில் கொட்டி, கசக்கிப் போடுங்கள். ஒரிகானோ, தைம், ரோஸ்மேரியை சாஸ் கொதிக்க ஆரம்பிக்கும்போதே போட்டால் எண்ணெயில் வாசனை இறங்கும். கஸூரி மேத்தி, புதினா இரண்டையும் அடுப்பை அணைக்கும் முன் கடைசியாகப் போடுங்கள்.

இந்த வாரம் இதைச் செய்யுங்கள்

ஒரே நாளில் அரை டஜன் பாட்டில் வாங்கி அலமாரியை நிரப்ப வேண்டாம். இந்த வாரம் 25 கிராம் ஒரிகானோ பாக்கெட் ஒன்று, ஒரு கட்டு புதினா, காய்கறிக்காரர் அண்ணனிடம் கேட்டு வாங்கிய கறிவேப்பிலை, இவ்வளவு போதும். ஞாயிற்றுக்கிழமை துணியில் பரப்பினால், அடுத்த வாரக் கடைசியில் உங்க முதல் மிக்ஸ் பாட்டிலில் இருக்கும். ராத்திரி பத்து மணிக்குப் பசித்து, டெலிவரி ஆப்பைத் திறக்கப் போகும் அந்த நிமிடத்தில் ரெண்டு முட்டையை உடைத்து, அந்த பாட்டிலைக் கையில் எடுங்கள். மிச்சமாகும் காசைக் கணக்கு பண்ணினால், ஒரிகானோவுக்குக் கொடுத்த பணம் முதல் வாரத்திலேயே திரும்பி வந்திருக்கும்.